கதவைச் சாத்தும் கலை

கொள்ளைநோயிலிருந்து வீட்டைக் காப்பாற்றுவதில் எனக்கு நிகரான ஆள் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வேறு யாரும் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, என் நோட்டுப் புத்தகம் சொல்கிறது. காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு. உச்சியில் 'ஸ்ரீ:'. அதன் கீழே சிவப்பு மையில் நான்கு பத்திகள்: தொடக்க இருப்பு, வரவு, செலவு, மீதி. அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தே பென்ஷன் வரைக்கும் வந்தவன் நான். கிருமியாகவே இருந்தாலும் நான்கு பத்திக்குள் அடங்கினால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

என் மனைவி வெகுகாலம் வரைக்கும் அந்த நோட்டைத் திறந்து பார்த்ததில்லை. "அதுல என்ன இருக்குன்னு பார்க்காமலே தெரியும்னா. ஆத்துல எதெல்லாம் இல்லையோ அதெல்லாம் எழுதியிருக்கும்" என்பாள்.

என் நிபுணத்துவம் 2020-இல் தொடங்கியது. மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மக்கள் ஊரடங்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் ஸ்ரீரங்கத்து உத்திர வீதியே வாசலில் வந்து நின்று தட்டைத் தட்டியது. எவர்சில்வர் தட்டுச் சத்தம் போதாது என்று நான் மாமனார் சீராகக் கொடுத்த வெண்கலத் தாம்பாளத்தை எடுத்து வந்தேன். அது விரிசல் விட்டது. கொரோனாவால் எங்கள் வீட்டுக்கு நேர்ந்த முதல் சேதம் அதுதான். செலவுப் பத்தியில் முதல் வரியாக இன்றும் இருக்கிறது.

24-ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணியிலிருந்து 144 என்று தமிழக அரசு அறிவித்தது. உடனே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டிக் காந்தி மார்க்கெட்டுக்கு விரைந்தேன். கூட்டம் சேரக் கூடாது என்ற ஒரே எண்ணத்தோடு திருச்சி ஜில்லா மொத்தமும் அங்கே கூடியிருந்தது. மண்ணச்சநல்லூர் பொன்னியில் ஒரு மூட்டை, துவரம்பருப்பு, புளி, மிளகாய் வற்றல், அப்பளம், கற்பூரம் என்று ஒரு கல்யாணத்துக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு வெற்றி வீரனாகத் திரும்பினேன். மறுநாள் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. அன்று காலையில்தான் தெரிந்தது, காபிப் பொடி வாங்கவில்லை.

ஸ்ரீரங்கத்து வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் ஏகாதசி என்று சொல்லிச் சமாளிக்கலாம். டிகாஷன் இல்லாததற்கு எந்தத் திதியும் கிடையாது. நான் கூடத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, மனைவி அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். "இதை எப்போ வாங்கினே?" என்றேன். "நீங்க மார்க்கெட்டுக்குக் கிளம்பறதைப் பார்த்தப்போ" என்றாள்.

அதற்குப் பிறகு சுத்திகரிப்பு இலாகாவை நான் எடுத்துக்கொண்டேன். பால் பாக்கெட்டுக்கு சோப்பு ஸ்நானம், காய்கறிக்கு உப்பும் மஞ்சளும் கலந்த ஜலம், செய்தித்தாளுக்கு இஸ்திரி. எங்கள் வீட்டில் மட்டும் செய்தி நிஜமாகவே சுடச்சுட வந்தது. ரூபாய் நோட்டையும் தேய்த்தேன். ஐந்நூறு ரூபாய் ஒன்று ஓரம் கருகிப்போக, அதை மாற்ற வங்கிக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் "எப்படி ஆச்சு சார்?" என்று கேட்டபோது, கை தவறி விளக்கில் பட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டு வந்தேன். காந்தி மார்க்கெட்டின் மொத்த வியாபாரமே பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு இடம் மாறியது. என் இஸ்திரிப் பெட்டி மட்டும் மேஜையை விட்டு நகரவில்லை.

பிறகு முகக்கவசம். போடாவிட்டால் 200 ரூபாய் அபராதம். எங்கள் ஊர்ப் பெரிய பெருமாளுக்கு ஆனி மாதம் ஜ்யேஷ்டாபிஷேகம் ஆகித் தைலக்காப்பு சாத்தினால், சில வாரங்களுக்குத் திருமுகம் மட்டும்தான் சேவையாகும். திருமேனியும் திருவடியும் திரைக்குள். அந்த வருஷம் ஊர் ஜனங்களுக்கு எல்லாம் தலைகீழ். பாதம் தெரியும், தொந்தி தெரியும், முகம் மட்டும் திரைக்குள். எதிரே வருபவரைத் தொந்தியை வைத்து அடையாளம் கண்டு நமஸ்காரம் சொல்லக் கற்றுக்கொண்டேன். என்னையும் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

மருந்து இலாகாவும் என்னிடமே. கபசுரக் குடிநீர்ப் பொடியை அரசாங்கமே வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் பொட்டலத்தில் வருவதை நம்புகிறவனா தணிக்கைக்காரன்? பதினைந்து சரக்கையும் தனித்தனியாக வாங்கி, பட்டியலோடு சரிபார்த்து, நானே இடித்தேன். சுக்கு, திப்பிலி, இலவங்கம், அக்கரகாரம், ஆடாதோடை, சீந்தில் தண்டு, நிலவேம்பு, கோரைக்கிழங்கு... எங்கள் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "இதைக் குடிச்சும் உயிரோட இருக்கறவாளை எந்த வியாதியும் ஒண்ணும் பண்ணாது" என்று சான்றிதழ் கொடுத்தாள். பாக்கியைக் கொல்லைத் துளசிக்கு ஊற்றினாளோ என்று எனக்குச் சந்தேகம். அந்தத் துளசி பட்டுப்போனது.

அந்த வருஷம் டிசம்பர் 25-ஆம் தேதி வைகுண்ட ஏகாதசி. பரமபத வாசல் திறக்கும் வேளையில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. கோயில் மேளச் சத்தம் முற்றத்தின் வழியாக வீட்டுக்குள் வந்து விழுகிற தூரத்தில் இருந்துகொண்டு, அதே காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். சத்தம் முதலில் வந்தது, படம் பிறகு வந்தது. அம்மா டி.வி. பெட்டிக்குத் தண்டம் சமர்ப்பித்தாள்.

2023 மே 5-ஆம் தேதி, உலக சுகாதார நிறுவனம் நெருக்கடிநிலை முடிந்தது என்று ஜெனீவாவில் அறிவித்தது. என்னைக் கேட்டு அறிவிக்கவில்லை. ஆகவே நான் கடையைக் கட்டவில்லை. அடுத்தது வரும், அப்போது பார்த்துக்கொள்கிறேன் என்று பரணில் சேர்த்துக்கொண்டே போனேன். கிருமிக்காகக் காத்திருந்த அந்தச் சரக்குக்குக் கிருமியைவிடப் பெரிய பிராணிகள் முந்திக்கொண்டன. பொன்னியில் வண்டு விழுந்தது. நொச்சி இலை போட்டு வைத்திருக்கலாமே என்று எல்லோரும் பிறகு சொன்னார்கள். முகக்கவசப் பெட்டியில் எலி பிரசவித்தது. அவ்வளவு சுத்தமான பிரசவ வார்டு திருச்சியில் எந்த எலிக்கும் வாய்த்திருக்காது. சானிடைசர் கேனில் மூடி சரியில்லாமல் மருந்து ஆவியாகி மணம் மட்டும் மிஞ்சியது. ஆக்ஸிமீட்டருக்குள் பாட்டரி கசிந்து, யார் விரலை வைத்தாலும் கோடு கோடாக ஏதோ காட்டியது. மீதிப் பத்தியில் எல்லாவற்றுக்கும் நேராக 'உண்டு' என்றுதான் எழுதியிருந்தேன். பரணில் ஏறிப் பார்க்கும் பழக்கம் தணிக்கைத் துறையில் கிடையாது.

2025 ஜனவரி 6, திங்கட்கிழமை. எச்.எம்.பி.வி. என்ற வைரஸ் இந்தியாவில் சிலருக்கு வந்திருக்கிறது, தமிழ்நாட்டில் சென்னையில் ஒருவர், சேலத்தில் ஒருவர் என்று செய்தி. நியாயமாகக் கவலைப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்தான குஷி. சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் பயப்பட வேண்டாம் என்றார். இது புதிய வைரஸே அல்ல, 2001-லேயே நெதர்லாந்தில் கண்டுபிடித்தது, பெரும்பாலும் சளி இருமலோடு போய்விடும், சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்தால் போதும் என்று டாக்டர்கள் தெளிவாகச் சொன்னார்கள். 2020-லும் முதலில் இப்படித்தான் சொன்னார்கள் என்று நான் நோட்டை எடுத்தேன்.

குடும்ப சபையைக் கூட்டினேன். சபைக்கு என்மேல் மரியாதை வர வேண்டும் என்பதற்காகச் சரித்திரத்தில் ஆரம்பித்தேன். 1918-இல் வந்த விஷக்காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் செத்துப்போனார்கள் என்றேன். அதற்கு முன்னால் பிளேக் காலத்தில், சென்னை ராஜதானியில் ரயிலில் வருகிறவர்களுக்கு 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்து, தினமும் உடம்பைக் காட்டச் சொன்னார்கள் என்றேன். அவ்வளவு தூரம் எதற்கு, நம் கோயிலிலேயே ஆரோக்கியசாலை இருந்தது, சிதைந்து கிடந்த அதைக் கருடவாகன பட்டர் புதுப்பித்துத் தன்வந்திரியையும் எழுந்தருளப் பண்ணியதை 1493-ஆம் வருஷத்துக் கல்வெட்டு சொல்கிறது என்று முடித்தேன்.

அம்மா கேட்டாள்: "உன் திட்டம் என்ன?"

"வாசக்கதவை மூடறது. வெளி ஆள் யாரும் உள்ளே வரப்படாது. மாடி ரூம் தனிமை அறை. யாருக்காவது வந்தா அங்கேதான்."

"அந்த மகானுபாவர் நோயாளி உள்ளே வரட்டும்னு சாலை கட்டினார். நீ உறவுக்காரா வரப்படாதுன்னு கதவை மூடறே. நடுவுல கல்வெட்டை எதுக்கு இழுத்தே?"

அப்போதுதான் மனைவி காலண்டரைக் காட்டினாள். ஜனவரி 10, வெள்ளிக்கிழமை, வைகுண்ட ஏகாதசி. வருஷம் முழுக்க ஒரு வாசல் திறப்பதற்காகக் காத்திருக்கிற ஊர் இது. பகல் பத்து முடிந்து, மோகினி அலங்காரம் முடிந்து, விடியற்காலையில் ரத்தின அங்கியோடு நம்பெருமாள் அந்த வாசலைக் கடக்கிறார். அவர் பின்னாலேயே லட்சக்கணக்கில் ஜனம் கடக்கிறது. அந்த ஜனத்தில் உத்திர வீதியில் சொந்தக்காரர் உள்ளவர்கள், வைகுண்டத்துக்குப் போகும் வழியில் இங்கே காபி சாப்பிடுகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில், அந்த வாரத்தில் போய்க் கதவைச் சாத்துவதற்கு நான் திட்டம் போட்டிருந்தேன்.

புதன்கிழமையே அத்திம்பேர் மாம்பலத்திலிருந்து வந்து இறங்கினார். அக்கா, அக்காவின் சம்பந்தி, இருமுகிற பேரன், இருமாத பேத்தி, ஒரு டிரங்குப் பெட்டி. நான் ரேழியில் வழிமறித்து, பரணில் எலிக்குத் தப்பிய ஜுரத் துப்பாக்கியை அத்திம்பேர் நெற்றிக்கு நேராக நீட்டினேன். எண்பத்தெட்டு டிகிரி. அந்தச் சூட்டில் மனுஷர் நடமாட வழியில்லை. அத்திம்பேரோ காபி கேட்டார்.

"திருமண்ணுக்கு நேரா குறி வெச்சிருக்கேடா. நாமத்துக்கு என்னிக்கு ஜுரம் வந்தது? தள்ளு" என்று உள்ளே போனவர், நேராக மாடி ஏறித் தனிமை அறையில் படுத்துக்கொண்டார். பத்து நிமிஷத்தில் அந்த அறையில் தனிமையைத் தவிர எல்லாம் இருந்தது.

இவ்வளவும் நடக்கும்போது மனைவி என்ன செய்தாள் என்பதை என் நோட்டு குறிக்கவில்லை. அம்மாவின் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் ஒரு மாதத்துக்கு முன்கூட்டியே பழைய காபி டப்பாவில் இருந்தன. தீரத் தீர நிரப்புகிற டப்பா அது, அதனால் அதில் வண்டு விழுவதில்லை. பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைப் பொட்டலம், டாக்டர் நம்பர், மருந்துக்கடை நம்பர், எதிர்வீட்டு நர்ஸ் மாமியின் நம்பர் எல்லாம் சமையலறைக் கதவின் பின்னால். முற்றத்துக் குழாயடியில் புது சோப்புக் கட்டி. அந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு, சாதாரண சோப்பே அதைக் கரைத்துவிடும் என்று நான் அவளுக்கு விளக்கினேன். "அதான் வெச்சிருக்கேன்" என்றாள். வருகிறவர்களிடம் 'கிருமி நீக்கம்' என்றெல்லாம் சொல்லவில்லை. "ரயில்ல வந்திருக்கேள், கை கால் அலம்பிண்டு வாங்கோ, காபி தரேன்" என்றாள். காபி என்றதும் சம்பந்தி முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார். இருமுகிற பேரனுக்கு முன்கூடத்து ஜன்னலோரம் படுக்கை, கதை சொல்ல அக்கா. அம்மாவின் கட்டில் அன்றைக்கே இரண்டாங்கட்டுக்குப் போயிற்று, "அங்கே கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கும்" என்ற காரணத்தோடு. யாருக்கும் தாங்கள் தனிமைப்படுத்தப்பட்டது தெரியாது.

வியாழக்கிழமை வீட்டில் தும்மியது ஒரே ஒரு ஆள்தான். நான். முகக்கவசம் வாங்க மருந்துக்கடைக் கூட்டத்திலும், பதினைந்து சரக்குக்காகப் பெரிய கடை வீதி நாட்டு மருந்துக்கடைக் கூட்டத்திலும் இடிபட்டு நின்றவன் நான் ஒருவன்தானே. டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, "சாதாரண ஜலதோஷம், வெந்நீர் குடிங்க, ரெண்டு நாள் யாரோடயும் ஒட்டாம இருங்க" என்றார். கொள்ளைநோய்க்கு இவ்வளவு தயார் செய்தவனுக்கு அந்த 'சாதாரண' என்ற சொல் ரொம்ப வலித்தது.

தனிமை அறையில் அத்திம்பேர். கூடத்தில் பேரன். இரண்டாங்கட்டில் அம்மா. "திண்ணையில நல்ல காத்து வரதுன்னா" என்று மனைவி ஜமக்காளத்தையும் பிளாஸ்க்கையும் கொண்டுவந்து வைத்தாள். திட்டப்படி வாசக்கதவு மூடப்பட்டது. நான் வெளிப்பக்கம்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னால், எங்கள் வீட்டு ஜனம் முழுக்கக் குளித்துக் கிளம்பி என்னைத் தாண்டிப் போயிற்று. வீதியில் கூட்டம் நெரிந்தது. முகக்கவசம் போட்டு, மடியில் நீள நோட்டும் காதில் பேனாவுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்த என்னை, மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று நின்று பார்த்தது. பெரியவர் செருப்பைக் கழற்றித் திண்ணையடியில் வைத்து, "அஞ்சு ஜோடி, எழுதிக்குங்க. டோக்கன் உண்டா?" என்றார்.

மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். தும்மல் வந்தது. அதற்குள் பின்னால் வரிசை நின்றுவிட்டது.

வெயில் ஏறும் வரைக்கும் எழுதினேன். எட்டாம் நம்பர் சாண்டல், ஒரு வார் அறுந்தது. குழந்தைச் செருப்பு, அழுத்தினால் கத்தும். ஜனம் வாசல் கடந்து புண்ணியத்தோடு திரும்பி, அவரவர் செருப்பை அடையாளம் சொல்லி வாங்கிக்கொண்டு, திண்ணையில் பத்தும் இருபதும் வைத்துவிட்டுப் போனார்கள். மனைவி கோயிலிலிருந்து வந்தபோது நோட்டை அவளிடம் நீட்டினேன். அன்றுதான் முதல் தடவையாக அதைத் திறந்து பார்த்தாள். தொடக்க இருப்பு, வரவு, செலவு, மீதி. வந்த ஜோடியும் போன ஜோடியும் சரியாக இருந்தன.

"பரவாயில்லையே. இத்தனை வருஷத்துல கணக்கு நேரான பக்கம் இது ஒண்ணுதான்" என்றாள். பிறகு சில்லறையைக் குனிந்து பார்த்து, "இதையாவது இஸ்திரி போடாம வையுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள்.