மேல்தட்டு அகழாய்வு: ஒரு வீட்டு நாட்டுமருந்துச் சேகரம் பற்றிய முதற்கட்ட அறிக்கை

1. களமும் கருதுகோளும்

வீட்டில் நாட்டுமருந்து இருப்பு வைப்பது எப்படி என்று வழிகாட்டும் கட்டுரைகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. அவை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. வீடு துடைத்துவிட்டாற்போல இருக்கிறது, இனிமேல்தான் போய்ச் சுக்கு வாங்க வேண்டும் என்று நம்பி எழுதப்பட்டவை அவை. அப்படிப்பட்ட வீடு தமிழ்நாட்டில் இருப்பதற்கான களச்சான்று எதுவும் இவ்வாய்வாளருக்குக் கிட்டவில்லை. சுக்கு ஏற்கெனவே இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது.

ஆகவே எதை வாங்குவது என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, வாங்கியதெல்லாம் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்ற கேள்வியை இவ்வறிக்கை எடுத்துக்கொள்கிறது. களம், சென்னைப் புறநகர் அடுக்குமாடி வீடொன்றின் சமையலறை மேல்தட்டு. அஞ்சறைப் பெட்டி ஆய்வு எல்லைக்குள் வராது. அன்றாடம் கைபடும் இடத்தில் எதுவும் படிவதில்லை. கருவிகள்: ஸ்டூல், டார்ச், மூக்கு. கீழடியில் குழிக்குள் அடுக்கடுக்காக இறங்கிச் சென்ற முறையே இங்கும் பின்பற்றப்பட்டது. ஸ்டூல் மேல் ஏற வேண்டியிருந்தது மட்டுமே வேறுபாடு.

கருதுகோள் இது: மருந்து நோய்க்கு முன்னால் வீட்டுக்கு வருவதில்லை. நோயோடு வருகிறது, நோய் போனபின் தங்கிவிடுகிறது.

2. முன்னோர் செய்த இருப்புக் கணக்கு

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் மூன்று, மருந்துச் சரக்கின் பெயரைத் தாங்கியவை. நல்லாதனாரின் திரிகடுகம் மூன்று சரக்கு, காரியாசானின் சிறுபஞ்சமூலம் ஐந்து வேர், கணிமேதாவியாரின் ஏலாதி ஆறு சரக்கு. அறம் சொல்ல உட்கார்ந்த புலவர்கள் மூவர் நூலுக்குப் பெயர் தேடியபோது கண்ணில் பட்டது மருந்துப் பெட்டி என்பதே இத்துறைக்குப் பெருமை.

அதைவிட முக்கியமான ஒன்றை உரையாசிரியர்கள் கவனிக்கத் தவறிவிட்டனர். திரிகடுகத்தின் சரக்குகள் சுக்கு, மிளகு, திப்பிலி. ஏலாதியின் ஆறில் ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ போக மீதி மூன்று எவை? மறுபடியும் சுக்கு, மிளகு, திப்பிலி. வீட்டில் இருப்பதை மறந்துவிட்டு அதையே திரும்ப வாங்கும் வழக்கம் இலக்கியப் பழமை உடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

3. காலக்கணிப்பு முறை

கரிமப் பகுப்பாய்வு தேவைப்படவில்லை. நாட்டுமருந்துக் கடைக்காரர் சரக்கைத் தராசில் போடுமுன் “யாருக்கு? என்ன வயசு?” என்று கேட்கிறார். பிறகு கைக்கு எட்டிய தாளில் கூம்பாக மடித்து, நூலால் நாலு சுற்றுச் சுற்றித் தருகிறார். அந்தத் தாளே கல்வெட்டு. ஒரு பொட்டலம் நாட்காட்டித் தாளில் மடிக்கப்பட்டிருந்தது. ஆண்டு, மாதம், கிழமை, ராகு காலம், எமகண்டம், அன்றைக்கு எந்த ராசிக்குச் சந்திராஷ்டமம் என்பதுவரை அதில் தெளிவாக இருந்தது. சோழர் மெய்க்கீர்த்திகூட இத்தனை துல்லியம் தருவதில்லை. உள்ளே இருப்பது ஜாதிக்காயா மாசிக்காயா என்பது மட்டும் எழுதப்படவில்லை.

நிலவியலில் ஓர் அடுக்கில் மட்டும் கிடைக்கும் புதைபடிவத்தை வைத்து அந்த அடுக்கின் காலத்தைச் சொல்வார்கள். இங்கே சுக்கை அவ்வாறு பயன்படுத்தும் முயற்சி கைவிடப்பட்டது. சுக்கு எல்லா அடுக்கிலும் கிடைத்தது.

4. அடுக்குகள்

முதல் அடுக்கு, கபசுர காலம் (2020). அரைகுறையாகத் தீர்ந்து ரப்பர் பேண்டு போட்ட பொடிப் பொட்டலங்கள். கபசுரக் குடிநீரின் சரக்குகள் 15: சுக்கு, திப்பிலி, இலவங்கம் தொடங்கி ஆடாதோடை, சீந்தில், அக்கிரகாரம், நிலவேம்பு, கோரைக்கிழங்கு வரை. கொரோனாவின் முதல் ஆண்டில் அரசே வீதிவீதியாகக் காய்ச்சி ஊற்றியது. அதே அடுக்கில் அதிமதுரக் கட்டைகள் ஒரு பை நிறையக் கிடைத்தன. தொண்டைக்கு இதமான சரக்கு. ஆனால் அதிலுள்ள கிளிசிரைசின், நாள்தோறும் தாராளமாகச் சேர்ந்தால் உடலின் பொட்டாசியத்தைக் குறைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும். வீட்டில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் யாரோ, அதிமதுரத்தை விரும்பி மென்றவரும் அவரே என்பது களத்தில் தெரியவந்தது.

இரண்டாம் அடுக்கு, நிலவேம்பு காலம் (2012). டெங்குவை ஒட்டி அரசு மருத்துவமனைகளில் நிலவேம்புக் குடிநீர் கொடுக்கத் தொடங்கிய ஆண்டு. இதன் சரக்கு 9: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், மிளகு, சுக்கு. பொடி இறுகிப் பாளமாகியிருந்தது. முதல் அடுக்கின் பட்டியலையும் இதையும் ஒப்பிட்டால் நிலவேம்பு, கோரைக்கிழங்கு, சுக்கு மூன்றும் இரண்டிலும் உள்ளன. 2020-இல் வாங்கியதில் ஒரு பகுதி எட்டு ஆண்டுகளாக மேல்தட்டிலேயே இருந்திருக்கிறது. ஏலாதிச் சிக்கல் இன்னும் தீரவில்லை.

மூன்றாம் அடுக்கு, தீபாவளி லேகியம். ஆண்டுக்கு ஒரு சிறு டப்பா வீதம் படிந்தது. கண்டதிப்பிலி, அரிசித் திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சுக்கு, வெல்லம், நெய். கருதுகோளுக்குக் கிடைத்த ஒரே மறுப்பு இதுதான் என்பதை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். நோய் வருமுன்பே வீட்டுக்கு வரும் மருந்து லேகியம் ஒன்றே. காரணம் எளிது: அந்த நோயின் தேதி நாட்காட்டியில் அச்சாகியிருக்கிறது; அதிரசமும் முறுக்கும் எந்த விடியலில் தாக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். ஆனாலும் அதிகாலையில் நெல்லிக்காய் அளவு உருட்டி வாயில் போட்டபின் மிச்சத்தை யாரும் தொடுவதில்லை. மறு தீபாவளிக்குப் புது லேகியம் கிண்டப்படுகிறது.

நான்காம் அடுக்கு, தைலக் குப்பிகள். அயல்வணிகத்துக்கான சான்றுகள் செறிந்தது. அரிக்கமேட்டில் ரோமானியப் பானை ஓடுகள் கிடைத்தால், இங்கே கோடாலித் தைலம் கிடைக்கிறது. சிங்கப்பூரில் 1928-இல் பிறந்தது. அக்கரைக்குப் போய்த் திரும்பும் எந்த உறவினரும் வீட்டுக்கொரு குப்பி தராமல் விடை பெறுவதில்லை. அதன் பக்கத்தில் அமிர்தாஞ்சன்: 1893-இல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் தொடங்கி, பின்னர் சென்னைக்குக் குடிபெயர்ந்த மஞ்சள் களிம்பு. மூன்றாவதாக நீலகிரித் தைலம், ஊட்டிச் சுற்றுலாவின் நினைவுப் பொருள். மண்ணின் மருந்து என்று பெருமையாக எடுத்துக் காட்டப்பட்ட அதன் மரம், 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து குன்றேறியது. இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று கொள்வதற்கும் இடமில்லை: இந்தத் தைலத்தையோ கற்பூரத்தையோ குழந்தை சிறிது விழுங்கிவிட்டாலும் வலிப்பு வரக்கூடும். குப்பிகள் கிடைத்த உயரம் மட்டும் இவ்வகையில் பாராட்டுக்குரியது.

ஐந்தாம் அடுக்கு, பிள்ளைப் பருவம். மிக ஆழமானது. ஒரு பக்கம் தேய்ந்த உரைகல், மூக்கு நெளிந்த பாலாடை, கடுக்காய், மாசிக்காய், விளக்கில் சுட்டுக் கருகிய வசம்பு. பேர் சொல்லாதது என்று ஊர் அடங்கிய குரலில் சொல்லும் சரக்கு இது. இவற்றை உரைத்துப் புகட்டப் பெற்ற குழந்தை இப்போது ஸ்டூலில் நின்று இவ்வறிக்கைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறது. வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் விலங்குச் சோதனைகளில் புற்றை உண்டாக்கியதால், உணவில் அதைச் சேர்ப்பதை அமெரிக்கா 1968-இல் தடை செய்தது. உலகச் சுகாதார நிறுவனமோ முதல் 6 மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்கிறது. இத்தகவல்கள் வீட்டின் மூத்த தலைமுறைக்குத் தெரிவிக்கப்பட்டபோது கிடைத்த பதில்: “உனக்குக் கொடுத்தோமே, நல்லாத்தானே இருக்கே?” ஆய்வாளரே சான்றுப்பொருளாக மாறிவிட்டதால் விவாதம் மேலே செல்லவில்லை.

5. அளவைகளும் ஆயுளும்

இத்துறையின் நிறுத்தல் அளவைகள்: சிட்டிகை, விரல் நுனிகளால் அள்ளும் வெருகடி, சுண்டைக்காய், கொட்டைப்பாக்கு, நெல்லிக்காய். எந்த ஊர்ச் சுண்டைக்காய் என்று கேட்பது மரபன்று. தண்ணீரில் மட்டும் துல்லியம் உண்டு: எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்ச வேண்டும். அடுப்படியில் நிற்பவருக்குப் பாதியிலேயே போன் வந்துவிடுவதால், கிடைக்கும் கசாயம் பெரும்பாலும் நான்கில் ஒன்று.

ஆயுளைப் பொறுத்தவரை சித்த மருத்துவம் தாராளமானது அல்ல. அகமருந்து 32, புறமருந்து 32 எனப் பிரித்து, அகமருந்துகளுக்குக் காலவரம்பும் சொல்லியிருக்கிறது. குடிநீருக்கு ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணத்துக்கு 3 மாதம். லேகியத்துக்கு 6 மாதம். பற்பம் போன்றவையே பல்லாண்டு தாங்கும். நாட்டுமருந்துக்கு எக்ஸ்பைரி கிடையாது என்ற கோட்பாடு சித்தர்களுடையது அன்று, மேல்தட்டினுடையது. களத்தின் பிரிட்ஜில் ஒரு சொம்புக் கசாயம் மூடி வைக்கப்பட்டிருந்தது. எப்போது காய்ச்சியது என்ற கேள்விக்கு, “நேத்து... இல்ல, வெள்ளிக்கிழமை” என்று பதில் வந்தது. அன்று செவ்வாய்.

6. மஞ்சள் பற்றிய தனிக்குறிப்பு

மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995-இல் அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களை எடுத்து வைத்து வாதாடி, 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. அன்று முதல் மஞ்சள் பால் குடிப்பது தேசபக்திச் செயலாகவும் ஆகிவிட்டது.

அந்தப் பாலில் மிளகுத் தூள் தூவச் சொல்லும் பாட்டிகளுக்கு 1998-இல் ஆதரவு கிடைத்தது. பெங்களூரில் நடந்த ஆய்வொன்றில், மஞ்சளிலுள்ள குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது ரத்தத்தில் அது 20 மடங்கு கூடுதலாகக் கிடைத்தது. பாட்டிகள் இதை அறிந்து வியக்கவில்லை. ஆனால் அங்கே கொடுத்த குர்குமின் 2 கிராம். மஞ்சளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடே உள்ளதால், அந்த அளவுக்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள் பொடி கரைக்க வேண்டும். அது பாலாக இராது, வீட்டுச் சுவருக்குப் பூசலாம்.

7. பரிந்துரைகள்

அடுக்குகளை ஒப்பிட்டதில், உண்மையில் கைபட்டுத் தேய்ந்தவை மிகச் சிலவே. சுக்கு, மிளகு, மஞ்சள். வயிற்று உப்புசத்துக்கு ஓமம். அதன் காரத்துக்குக் காரணமான தைமால் நுண்கிருமிகளுக்கும் பிடிக்காது. பல்வலிக்கு இலவங்கம், பல் மருத்துவர் பயன்படுத்தும் யூஜினாலும் அதிலிருந்து வருவதே, ஆனால் சொத்தையை அது அடைக்காது. இருமலுக்குத் தேன், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கூடவே கூடாது. பால்கனித் தொட்டியில் கற்பூரவல்லியும் துளசியும். பேதிக்கு ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இந்தக் கடைசி மருந்துக்கு நாட்டுமருந்துக் கடை வரை போக வேண்டியதில்லை என்பதால்தான் அதை யாரும் மருந்தாக மதிப்பதில்லை.

மற்றவற்றில் பெயரும் தேதியும் எழுதாத பொட்டலம் எதுவாயினும் அப்புறப்படுத்த வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மஞ்சளையோ பூண்டையோ சமையல் அளவு தாண்டி எடுக்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இப்பரிந்துரைகள் களத்தின் உரிமையாளரிடம் அளிக்கப்பட்டன. பொட்டலம் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கப்பட்டு, “இருக்கட்டும், அடுத்த தடவை வந்தா உதவும்” என்ற தீர்ப்புடன் அதே வரிசையில் திரும்ப வைக்கப்பட்டது. இத்தீர்ப்பே கருதுகோளை முழுமையாக்குகிறது. டெங்குவுக்கு ஆயத்தமாக இருந்த வீட்டுக்குக் கொரோனா வந்தது. கொரோனாவுக்கு இப்போது ஆயத்தமாக இருக்கிறது. அடுத்து வருவதன் பெயர் அந்தத் தட்டில் எந்தப் பொட்டலத்திலும் இல்லை.

ஆகவே இறுதிப் பரிந்துரை ஒன்றே. மேல்தட்டில் ஒரு சாண் இடம் காலியாக விடவும். வரப்போகும் நோய் எதுவானாலும் சரி, அது குணமான பிறகு அதற்கான மருந்து வந்து சேரும். கூடவே கொஞ்சம் சுக்கும்.