பன்னிரண்டு தந்தியும் பாப்பாரப்பட்டியும்

பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று சிலப்பதிகாரத்தின் பழைய உரை கணக்குச் சொல்கிறது; விபுலானந்த அடிகள் இந்த நரம்புகளை ஆராய்வதிலேயே ஆண்டுகள் பல கழித்து, 1947-இல் யாழ்நூல் என்னும் மகத்தான கிரந்தத்தை வெளியிட்டார். 14-க்கும் 7-க்கும் இடையில் 12 என்ற ஸ்தானத்தை நம் முன்னோர் காலியாக விட்டுவைத்தது தற்செயலல்ல, தீர்க்கதரிசனமே என்பது, பன்னிரண்டு தந்தி கிதார் ஒன்றுக்கு எஜமானனான பிறகு எனக்கு ஏற்பட்டிருக்கும் திடமான அபிப்பிராயம்.

ஜோலார்பேட்டையில், ரயில்வே உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலோ இந்தியக் கனவான், தம் வாலிப காலத்தில் இன்ஸ்டிட்யூட் நடனங்களில் வாசித்த வாத்தியத்தைக் கொடுத்துவிடப் போகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். கல்கத்தாவில் செய்தது, உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் செய்தவர் பெயர் இருந்த பாகத்தைப் பூச்சி தின்று, ஊர்ப் பெயரை மட்டும் பெரிய மனத்துடன் விட்டுவைத்திருந்தது. உழவு மாடு முதல் மோட்டார் சைக்கிள் வரை, பழையது என்றால் விலை குறையும் என்பதே எங்கள் பக்கத்துப் பொருளாதார சாஸ்திரம். அவரோ, பழையதானதால்தான் மரம் காய்ந்து நாதம் கனிந்திருக்கிறது, ஆகவே விலை கூடும் என்றார். சாஸ்திரம் தோற்றது, நாதம் ஜெயித்தது.

மொரப்பூர் வரை ரயில், பிறகு தர்மபுரி, அங்கிருந்து பாப்பாரப்பட்டிப் பஸ். கண்டக்டர் உறையைத் தட்டிப் பார்த்து, "வீணைங்களா சார்?" என்றார், விளக்கம் சொன்னதும், "பன்னெண்டு கம்பியா? அப்ப லக்கேஜ் போட்டுடறேன்" என்று சீட்டைக் கிழித்தார். சுப்பிரமணிய சிவா எங்கள் ஊரில் எழுப்ப விரும்பிய பாரதமாதா ஆலயத்துக்கு அடிக்கல் நாட்ட, 1923-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் வந்தார். வங்காளத்திலிருந்து அதற்குப் பின் இவ்வூருக்கு விஜயம் செய்த அடுத்த பெரிய விருந்தாளி என் கிதார்தான் என்று சொல்லிக்கொள்வேன். ஊரில் யாரும் இதுவரை மறுக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை.

கிதாரின் பன்னிரண்டு தந்திகளும் ஆறு ஜோடிகள். கீழ்நான்கு ஜோடிகளில் ஒன்று தடித்தது, மற்றது அதற்கு ஒரு ஸ்தாயி மேலே பேசுவது. எஞ்சிய இரண்டு ஜோடிகளில் இரு தந்தியும் ஒரே ஸ்வரம். அவை ஒரே பந்தியில் உட்காரவைத்த சம்பந்திகளைப் போல நடந்துகொள்கின்றன: ஒரு ஜோடியை முறுக்கிச் சமாதானப்படுத்தினால், அந்த இழுப்பில் மரப்பலகை நூலளவு வளைந்து, முன்பே சமாதானமான ஜோடி சுருதி இறங்கி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. எல்லாத் தந்திகளின் இழுவிசையும் சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டும். அத்தனையையும் பசை போட்டு ஒட்டிய ஒரு சிறு குதிரை தாங்க வேண்டும். கல்கத்தாவின் ஈரக் காற்றில் பிறந்த அந்த மரத்துக்கு எங்கள் சித்திரை வெயில் எப்படியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே வயோதிக வாத்தியங்களுக்கு விதித்த பத்தியப்படி, ஒரு முழு ஸ்வரம் இறக்கியே கட்டுகிறேன். மூன்றாவது ஜோடியின் மெல்லிய தந்தி முதல் தந்தியையும்விட உயர்ந்த சுருதியில் நிற்பது. அதனால் முதலில் அறுவதும் அதுவே, அதுவும் விருந்தினர் முன்னிலையில்.

இதில் கல்யாணி ராகத்துக்குக் கமகம் கொடுக்க முயன்றதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. தந்தியை மெட்டின்மேல் ஒதுக்கி இழுத்தால் ஜோடியில் ஒன்று கொஞ்சமும் மற்றது அதிகமும் அசைவதால், ஏககாலத்தில் இரண்டு கல்யாணிகள் புறப்படுகின்றன. அடுத்த தெரு நாகஸ்வர வித்வான் கடைசிவரை பொறுமையாகக் கேட்டு, "ஒண்ணு நல்லா இருக்குதுங்க" என்றார். எது என்று சொல்லவில்லை. பையன்களுக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. 'பயணங்கள் முடிவதில்லை' படம் வந்தது 1982-இல், இன்றைக்கும் கிதாரைக் கண்டால் அவர்களுக்கு அதிலுள்ள 'இளைய நிலா' பாட்டு வேண்டும், அவ்வளவே.

ஆனாலும் இந்த வாத்தியத்தின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. விநாடிக்கு 440 முறை அதிரும் தந்தியும் 441 முறை அதிரும் தந்தியும் சேர்ந்து ஒலித்தால், நாதம் விநாடிக்கு ஒரு தரம் எழும்பித் தாழும். இந்தச் சிறு கருத்து வேற்றுமைதான் அதன் மினுமினுப்புக்கே காரணம். 1964-இல் பன்னிரண்டு தந்தி மின்கிதாரின் ஒலியை உலகம் முழுவதும் பரப்பிய ஜார்ஜ் ஹாரிஸன், 1971-இல் நியூயார்க்கில் வங்கதேச நிதிக்காகக் கச்சேரி நடத்தினார். அங்கே ரவிசங்கர் சுருதி சேர்த்து முடித்ததற்கே சபை பலமாகக் கைதட்டிவிட்டது.

எங்கள் பஜனை கோஷ்டி அவ்வளவு அவசரப்படுவதில்லை. மார்கழிக் காலையில் நான் சுருதி கூட்ட ஆரம்பித்ததும், முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "கட்டி முடிச்சதும் எழுப்புப்பா" என்று தூணில் சாய்ந்துவிட்டார். கோஷ்டி ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு மேலே பாடிற்று. நான் மூன்றாவது ஜோடியில் இருந்தபோது மங்களம் பாடிப் பொங்கலும் வழங்கியாகிவிட்டது. எனக்கு மட்டும் இரண்டு தொன்னை, வித்வான்களுக்கென்று தனியாக எடுத்துவைத்ததாம்.