தலைக்கவசத்தில் அடைகிடத்தல்: கருப்பி என்னும் கோழியை முன்வைத்து ஓர் ஆய்வு

கோழி அடைக்கு உட்காருவதைப் பற்றிக் கால்நடை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள், பண்ணைக்காரர்கள் பேசியிருக்கிறார்கள், அரிஸ்டாட்டிலே ஆராய்ந்திருக்கிறார். ஆனால் இவர்களில் எவரும் தம் சொந்த ஹெல்மெட்டை இழந்துவிட்டு ஆராய்ந்தவர் அல்லர். அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம் திருமங்கலத்தில் எங்கள் வீட்டுக் கொல்லை. வடக்கே துவைகல், தெற்கே முருங்கை, கிழக்கே அப்பத்தா வீட்டு வேலி, மேற்கே மோட்டார் அறை. மாதிரிக்கு எடுத்துக்கொண்டவை மூன்று கோழிகள்: கருப்பி, செவலை என்ற இரண்டு சிறுவிடைகள், வெள்ளச்சி என்ற லெகான். சேவல் இல்லை. விடியற்காலை நாலு மணிக் கூவலுக்கு எதிர்வீட்டார் ஆட்சேபம் தெரிவித்ததால், அது ஒரு ஞாயிற்றுக்கிழமை குழம்பாயிற்று. இந்தத் தகவல் ஆய்வின் பிற்பகுதிக்குத் தேவைப்படும். மூன்றில் ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்தது. அதாவது 33 விழுக்காடு. முதல் ஆய்வுக்கே இவ்வளவு பெரிய விழுக்காடு எல்லோருக்கும் வாய்க்காது.

முதலில் சொல்லாராய்ச்சி. எங்கள் பக்கம் 'அவயத்துக்குப் படுத்திருக்கு' என்பார்கள், பொதுவழக்கில் அடை. இந்த 'அடை' என்னும் வேர் தமிழில் செய்திருக்கும் அட்டூழியம் கொஞ்சநஞ்சமல்ல. அடைமழை வந்தால் எழுந்து போகாது. அடைமானம் வைத்த நகை எழுந்து வராது. காலையில் சாப்பிட்ட அடை சாயங்காலம்வரை வயிற்றில் உட்கார்ந்திருக்கும். ஆகவே 'உட்கார்ந்தால் எழாமை' என்பதே இவ்வேரின் ஆதிப்பொருள் என்று துணிகிறேன். மொழியறிஞர்கள் மறுக்கலாம். அவர்கள் ஒரு முறை கருப்பியின் அடியில் கையை விட்டுப் பார்த்தபின் மறுக்கட்டும்.

நிகழ்ந்தது இது. மோட்டார் அறை அலமாரியில் ஹெல்மெட்டை மல்லாத்தி வைத்திருந்தேன். கருப்பி அதில் முட்டையிடத் தொடங்கியது. நாளும் வந்து அங்கேயே இடட்டும் என்று, முட்டையை எடுத்துக்கொண்டு மகனின் டேபிள் டென்னிஸ் பந்து ஒன்றை அதில் போட்டு வைத்தாள் என் மனைவி. பன்னிரண்டாவது முட்டைக்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை கருப்பி எழுந்திருக்கவில்லை. இறகெல்லாம் சிலிர்த்து இரண்டு மடங்கு பெருத்திருந்தது. கொண்டை வெளுத்திருந்தது. கையை நீட்டினால் 'கொர்ர்ர்' என்றது. நாளுக்கு ஒரு தடவை மட்டும் இறங்கிக் கால் மணி நேரத்தில் தின்று, குடித்து, புழுதியாடி, பிள்ளை வளர்த்த வீட்டாரையே மூக்கைப் பொத்தவைக்கும் எச்சம் ஒன்றைப் போட்டுவிட்டு, ஓட்டமாக மேலே ஏறிவிடும்.

மறுநாள் நான் வெறுந்தலையோடு வண்டியில் போனேன். நான்கு வழிச்சாலையில் ஒரு காவலர் நிறுத்தினார்.

"ஹெல்மெட் எங்க?"

"கோழி அடைக்குப் படுத்திருக்கு சார், அதுல."

அவர் வியக்கவில்லை. ஊர்க்காரர்போல. "எத்தனை முட்டை?" என்றார்.

"முட்டை இல்ல சார். பந்து."

1000 ரூபாய் எழுதிவிட்டார். ஒரு முட்டையாவது இருந்திருந்தால் விட்டிருப்பார் என்பது என் கணிப்பு, நிரூபிக்க வழியில்லை.

முன்னோர் ஆய்வுகளை இங்கே ஒரு பார்வை பார்த்துவிடலாம். எகிப்தில் முட்டைகளைச் சாணக் குவியலில் புதைத்துப் பொரிக்கவைப்பதை அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார். அதைவிட முக்கியமாக, சைரக்கூஸ் நகரத்துக் குடிகாரன் ஒருவன் பாய்க்கு அடியில் முட்டைகளை வைத்து, அவை பொரியும்வரை விடாமல் குடித்துக்கொண்டிருந்தானாம். கோழி முட்டைக்குக் கணக்கு 21 நாள். நம்மூரில் இச்சோதனையைத் திரும்பச் செய்ய ஆள் கிடைப்பார்கள். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கிறது என்பதால் காலைச் சூடு விட்டுப்போகும். பிறகு பிரான்சு நாட்டு ரெயோமூர், 1749இல் செயற்கைப் பொரிப்புக்கென்றே புத்தகம் போட்டார். 1935இல் அமெரிக்காவில் ஆஸ்கார் ரிடில் குழுவினர் புரோலாக்டின் என்னும் சுரப்பை முட்டையிடும் கோழிகளுக்கு ஊசியில் ஏற்றி அடைக்கு உட்காரவைத்தார்கள். தாய்மார்களுக்குப் பால் சுரக்க வைப்பதும் அதே புரோலாக்டின்தான். இதை என் அம்மாவிடம் விளக்கினேன். "ஊசி போட்டு உட்காரவச்சானா? அதுவா உட்கார்ந்தாலே எழுப்ப முடியலையேடா" என்றார்.

எழுப்பும் வழிகளை இனி வரிசையாகச் சொல்ல வேண்டும். தூக்கி வெளியே விடுவது முதல் வழி. ஒரே நாளில் பதினான்கு தடவை விட்டேன், பதினைந்து தடவை ஏறியது. இந்தக் கணக்கு இடிப்பதை மனைவி சுட்டிக்காட்டினாள். ஒரு தடவை நான் விடாமலே இறங்கிப் போய்த் தின்றுவிட்டு ஏறியது என்று விளக்கம் தந்தேன்.

அடுத்து, பந்தை எடுத்துவிட்டேன். ஆய்வின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இங்கேதான். கருப்பி வெறும் ஹெல்மெட்டின் மேல் அதே பொறுப்போடு உட்கார்ந்தது. அலகால் இல்லாத பந்தை உருட்டி வயிற்றுக்கு அடியில் தள்ளிக்கொண்டது. ஆகவே முட்டைக்காகக் கோழி உட்காருகிறது என்ற நெடுநாள் கொள்கையை இங்கேயே கைவிடுகிறேன். (வயிற்று இறகு உதிர்ந்து தோல் சூடேறி இருக்கும்போது கோழிக்கு எதன்மேலாவது வயிற்றை வைத்தாக வேண்டும். எதன்மேல் என்பது அப்புறம்.) முனைவர் பட்ட ஆய்வாளர்கள் சிலருக்கும் இது பொருந்தும் என்று என் மனைவி சொன்னாள். அவள் யாரைக் குறிப்பிட்டாள் என்பது இக்கட்டுரையின் வரம்புக்கு வெளியே உள்ளது.

அப்பத்தா இரண்டு மருத்துவம் சொன்னார். ஒன்று, மூக்குத் துளையில் இறகு செருகுவது. இதை ஆய்வு நெறிமுறைக் குழு, அதாவது என் மனைவி, எடுத்த எடுப்பிலேயே நிராகரித்தாள். நிராகரிக்காவிட்டாலும் நான் செய்திருக்க மாட்டேன். மூச்சு விடும் வழியில் குச்சி நுழைப்பது மருத்துவமல்ல. இரண்டாவது, வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பது. இதற்கும் குழு அனுமதி தரவில்லை. ஆனால் குழு கடைக்குப் போயிருந்த நேரத்தில் என் அம்மா முக்கிவிட்டார். விளைவு: நனைந்த அடைக்கோழி, நனைந்த ஹெல்மெட்.

தண்ணீருக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. வயிற்றுச் சூடு தணிந்தால் ஆசையும் தணியும். அதைத் துன்புறுத்தாமல் செய்யும் வழி, படுக்கை ஏதும் இல்லாத கம்பித் தட்டில் விட்டுக் கீழேயிருந்து காற்றோட்டம் கொடுப்பது. பழைய ஃப்ரிட்ஜின் கம்பித் தட்டு ஒன்றை நான்கு செங்கல்மேல் வைத்து, கருப்பியை அதில் விட்டு, மேலே பஞ்சாரத்தைக் கவிழ்த்தேன். உள்ளே தீனி, தண்ணீர். மூன்று நாள். மூன்றாம் நாள் சாயங்காலம் சிலிர்ப்பு அடங்கி, சாதுவாக நின்று கம்பைக் கொத்தியது. வீட்டில் எல்லோரும் கூடி நின்று பஞ்சாரத்தைத் தூக்கினோம். கருப்பி இறங்கி, சோம்பல் முறித்து, கீரைப் பாத்தியில் இரண்டு கிளறு கிளறிவிட்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் மோட்டார் அறைக்குப் போனது.

வெள்ளச்சி இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டது என்று பார்த்தேன். எடுத்துக்கொள்ளவில்லை. லெகான் இனம் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தின் பெயரைக் கொண்டது. அடைக்கு உட்காரும் குணத்தைப் பொறுக்கிப் பொறுக்கி நீக்கி வளர்த்த இனம். நாமக்கல் பண்ணைகளில் அதன் வம்சம் ஆண்டுக்கு 300ஐ ஒட்டி முட்டையிடுகிறது; பொரிக்கும் வேலை இயந்திரத்துக்கு. வெள்ளச்சி தன் முட்டையை நடைபாதையில் போட்டுவிட்டு, அது யாருடையது என்று கேட்பதுபோலத் தாண்டிப் போகும்.

கடைசியில் அப்பத்தா வேலியோரம் வந்து நின்றார். "ஏப்பா, அதுக்கு ஆசை வந்துருச்சு. ஒண்ணு முட்டைய வையி. இல்ல, பேசாம இரு. ரெண்டுங்கெட்டானா அதைப் போட்டு ஏன் இம்சை பண்ணுற?"

எங்களிடம் இருப்பவை சேவல் சேராத முட்டைகள். வைத்தால் அத்தனையும் கூமுட்டை. அப்பத்தாவே சேவல் சேர்ந்த முட்டை ஒன்பது கொடுத்தார். ஒத்தைப்படையில்தான் வைக்க வேண்டுமாம். ஓலைப்பெட்டியில் மணல் பரப்பி, இடிக்குக் காவலாக ஓர் ஆணி, ஓர் அடுப்புக்கரி, ஒரு மிளகாய் வற்றல் போட்டு, முட்டைகளை அடுக்கினோம். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, இடமாற்றத்தை உணராது என்பதால் ராத்திரி ஒன்பது மணிக்குக் கருப்பியைத் தூக்கிப் பெட்டியில் வைத்தேன். விடிந்ததும் அது ஹெல்மெட்டில் இருந்தது. முட்டைகள் பெட்டியில் இருந்தன. பெட்டி, மணல், ஆணி எதையும் அது ஒப்புக்கொள்ளவில்லை.

ஆகவே முட்டைகளே ஹெல்மெட்டுக்குக் குடியேறின. ஐந்துக்குத்தான் இடமிருந்தது. ஐந்தும் ஒத்தைப்படை என்று அப்பத்தா சமாதானம் ஆனார்; மிச்சம் நாலு ஆம்லெட். பந்தையும் திரும்ப வைத்தேன். அதைக் கருப்பி ஐந்து முட்டைகளுக்குச் சமமாகவே உருட்டிவிட்டது. நான் புது ஹெல்மெட் ஒன்று வாங்கினேன். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்ததில், நான்கு முட்டைகளில் சிலந்திக்கால் மாதிரி ரத்தக்கோடுகள். ஒன்றில் ஏதுமில்லை. பந்தையும் பார்த்தேன், ஆய்வு என்றால் முழுமையாக இருக்க வேண்டும்.

இருபதாம் நாள் ராத்திரி ஓட்டுக்குள்ளிருந்து கீச்சொலி கேட்டது. கருப்பி அதற்குத் தொண்டையடியில் பதில் சொன்னது. அதுநாள்வரை அந்தக் குரலை அது எங்களிடம் காட்டியதில்லை. அம்மா மோட்டார் அறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை.

இருபத்திரண்டாம் நாள் காலை கருப்பி நான்கு குஞ்சுகளோடு கொல்லையில் இறங்கியது. ஹெல்மெட்டில் மிச்சம் இருந்தவை ஒரு கூமுட்டையும் ஒரு பந்தும். கூமுட்டையை முருங்கைக்கு அடியில் புதைத்தேன். பந்தைக் கழுவி மகனிடம் கொடுத்தேன், வேண்டாம் என்றான். ஹெல்மெட்டையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, துவைகல்மேல் வெயிலில் மல்லாத்தி வைத்துவிட்டு, துடைக்கத் துணி எடுத்துவர உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது செவலை துவைகல்மேல் நின்றிருந்தது. தலையை ஒருபக்கம் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் ஹெல்மெட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது.