உப்புத் தண்ணீர்ப் போத்தலின் அடிமண்டி பற்றிய விசாரம்

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் வீதியில், கற்பிட்டிக்குக் கிளைவழி பிரியும் பாலாவியைக் கடப்போர் அங்குள்ள உப்பளங்களையும் வெண்குவியல்களையும் கண்டு வியப்பதுண்டே தவிர, அவ்வுப்பைக் கரைத்து அடுக்களையில் வைக்கும் போத்தலின் அடியில் விரற்கடை அளவு தங்கும் சாம்பல்நிற மண்டியைக் குறித்து எவரும் ஒரு நூலும் இயற்றினாரில்லை. இப்பெருங்குறையை நிவர்த்திக்கும் பொருட்டே இச்சிறு விசாரம் எழுந்தது.

நீரின் அடியிற் சேரும் பதார்த்தங்கள் இருவகைப்படும்: கரையாது வந்து தங்குவன ஒன்று, கரைந்திருந்து பின் பிரிவன மற்றொன்று. களப்பு நீரை முதற் பாத்தியில் தேக்கினால் மண் தானாகவே படியும். லீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகளை உடைய கடல்நீர், வெயிலில் வற்றி ஐந்திலொரு பங்காகும் தறுவாயில் ஜிப்சமும், பத்திலொரு பங்காகும் தறுவாயில் சோற்றுப்பும் பிரியும். மக்னீசிய உப்புகளோ கசப்பு நீராகவே எஞ்சி நின்று, உப்பளத்தாரால் வெளியேற்றப்படும்.

இங்கே பூர்வபட்சக்காரர் ஓர் ஆட்சேபம் எழுப்பலாம்: மண் முதற் பாத்தியிலேயே தங்கிவிட்டதாயின், போத்தலுக்குள் அது புகுந்த மார்க்கம் யாது? சமாதானம் எளிது. உப்புப் பாத்தியின் தளம் களிமண். வாருபலகை ஒரு நூலளவு ஆழ்ந்து இழுபட்டால், உப்போடு தளமும் உடன்வரும்.

இனி, போத்தல் நீர் தெளிவதற்கு வேண்டிய காலம். 1851ஆம் ஆண்டில் ஸ்டோக்ஸ் என்னும் பண்டிதர் நிறுவிய விதிப்படி, துகளின் விட்டம் பத்திலொன்றாகக் குறைந்தால் அது விழும் வேகம் நூறிலொன்றாகக் குறையும். ஆகவே பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்தை நுண்மணல் சில விநாடிகளில் கடக்க, மில்லிமீற்றரில் ஐந்நூறிலொரு பங்கேயான களித்துகள் எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கிணற்று நீருக்குத் தேற்றாங்கொட்டையை உரைக்கும் நம்மவர், உப்புத் தண்ணீருக்கு அதனை உரைப்பதில்லை, அவசியமுமில்லை. ஒன்றையொன்று மின்னேற்றத்தால் விலக்கி நின்ற களித்துகள்கள், உப்பின் சந்நிதியில் அவ்விரோதம் தணிந்து திரண்டு விரைந்து விழும். மண்ணோடு கூடி வந்த உப்பே அம்மண்ணை அடியில் இருத்துகிறது.

போத்தலை வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்போர், கீழே பருமணலும் அதன்மேல் நுண்களியுமாக மண்டி அடுக்குற்றிருப்பதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். இவ்வளவு ஒழுங்காக அமைந்த ஒரு நிர்மாணத்தை, அவசரத்தில் போத்தலைத் தலைகீழாய்க் கவிழ்த்துக் குலுக்கிச் சிதைக்கும் வழக்கம் நம் அடுக்களைகளில் பெரும்பாலும் ஆண்களாலேயே நடைபெற்று வருகிறது.

ஆகலின் சித்தாந்தம் இது: குழம்பில் நறநறப்புக் கண்டால் பழி பாலாவியின் வாருபலகைக்கு உரியதன்று, குலுக்கிய கைக்கே உரியது. அன்பர்கள் போத்தலை மெல்லச் சாய்த்து, மேல்நீரை மாத்திரம் ஊற்றுவார்களாக.