அரை மில்லிமீட்டர் குளம்

அமெரிக்கப் புறநகர் வீட்டின் கொல்லையில் தரைக்கு மேலே நிற்கும் வட்டக் குளத்துக்கு உண்மையான உரிமையாளர் யார்? கடன் தவணை கட்டுகிறவர் அல்ல, உள்ளே விரித்திருக்கும் வினைல் விரிப்புதான். 24 அடி விட்டமும் 4 அடி ஆழமும் உள்ள குளத்தில் சுமார் 51 டன் தண்ணீர் நிற்கும். பாரத்தைத் தாங்குவது தகரச் சுவர்தான், ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் தண்ணீர் ஓடிப்போகாமல் காப்பது அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக். இதைப் பதிக்கும் சடங்கும் சாமானியமல்ல: கூழாங்கல் இல்லாமல் மணலைச் சலித்துப் பரப்ப வேண்டும், வெயில் நாளாகப் பார்த்து வினைலை இளக்க வேண்டும், சுருக்கம் போக வேக்குவம் கிளீனரால் பின்னாலிருக்கும் காற்றை உறிஞ்ச வேண்டும். பட்டுச்சேலைக்குக்கூட இத்தனை உபசாரம் கிடையாது.

கனமான விரிப்பாக வாங்கினால் கவலை தீருமே என்பார்கள். கடைக்காரர் சொல்லும் ‘25 கேஜ்’ என்பது தடிமன் அளவே அல்ல; பல நேரம் வெறும் விற்பனைப் பெயர். அளவு வேண்டுமென்றால் ‘மில்’ எத்தனை என்று கேட்க வேண்டும், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று. சரி, 25 ஆண்டு உத்தரவாதம் இருக்கிறதே? பெரும்பாலும் அது ஒட்டுப்போட்ட தையலுக்கு மட்டும். அதுவும் ஆண்டுக்கு ஆண்டு தேயும். வெயிலும் குளோரினும் கிழிப்பது தையலுக்குப் பக்கத்து வெளியை. பத்தாண்டு உழைத்துவிட்டாலே அது நல்ல விரிப்பு. பழசைக் கழற்றித் துவைத்து மறுபடி மாட்டலாமென்று கணக்குப் போடுகிறவருக்கு ஒரு தகவல்: தண்ணீர் வடிந்ததும் பழைய வினைல் சுருங்கிவிடும், பிறகு எத்தனை இழுத்தாலும் சுவர் விளிம்பை எட்டாது.