திருக்கோட்டியூர்க் கோபுரத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

மகாராஜராஜஸ்ரீ ரிப்பீட்டர் கன்ட்ரோலர் நிர்மாணிக்கும் கம்பெனியின் கடவுச்சொல் இலாகா அதிபர் அவர்கள் திவ்ய சமூகத்திற்கு, தங்கள் பெட்டியை விலை கொடுத்து வாங்கிய ஹாம் ரேடியோ சங்கத்தின் காரியஸ்தன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். மலையுச்சித் தகரக் கொட்டகையில் தங்கள் பெட்டி பரம க்ஷேமம். நேற்று அந்தியில் அங்கிருந்து இறங்கி வந்த நான், பாதங்கள் இரண்டையும் வெந்நீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ராமானுஜர், மந்திரோபதேசம் பெறும்பொருட்டுத் திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 தடவை நடையாய் நடந்தார் என்றும், வெளியிடலாகாது என்ற ஆணையுடன் பெற்ற அந்த ரகசியத்தைக் கோபுரத்தின் மேலேறி ஊரறியக் கூவினார் என்றும் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் கூவியது ஜனங்கள் யாவரும் உய்ய வேண்டும் என்ற கருணையினால். நான் கூவியது தங்கள் கையேட்டின் மூன்றாம் பக்கம் அப்படிக் கூவச் சொன்னதினால். பலன் இருவர்க்கும் ஒன்றே: ரகசியம் ஊர்ச்சொத்தாயிற்று.

சென்ற ஞாயிறு காலை, வானலையில் எங்கள் நெட் கூடியிருந்த நேரம். நான்கைந்து ஜில்லாக்களிலிருந்து ஹாம் நண்பர்கள் ஒவ்வொருவராகத் தம் அழைப்புக்குறியைச் சொல்லி ஆஜராகிக்கொண்டிருக்க, ஒருவர் பேசத் தக்க கால எல்லையை மூன்று நிமிஷத்திலிருந்து ஐந்தாக உயர்த்திவிடலாம் என்ற விபரீத ஆசை அடியேனுக்கு உதித்தது. கையிலிருந்த ஹேண்டி ரேடியோவின் விசைகளை அழுத்திக் கடவுச்சொல்லைச் செலுத்தினேன். ஒவ்வொரு விசைக்கும் இரண்டிரண்டு சுருதிகள் என்பதும், 7 என்றால் 852 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும் என்பதும், டெலிபோனுக்காக ஏற்பட்ட இந்த ஏற்பாடு 1963 முதல் உலகறிந்த விஷயம் என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. காதில் விழுந்ததை அப்படியே உரத்த குரலில் திருப்பிச் சொல்வதே ரிப்பீட்டரின் ஸ்வதர்மம் என்பதையும் தாங்கள் அறிவீர்கள். ஆகவே என் கைக்குள் ஐந்து வாட்டில் முணுமுணுக்கப்பட்ட மந்திரம், கோபுரத்தின் மேலிருந்து 25 வாட்டில் முழங்கிற்று.

முழங்கி முடிந்த மறுகணம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் குரல் கேட்டது.

"சார், பாஸ்வேர்ட் நாலு நம்பரும் கிளீனா வந்துச்சு சார். செல்போனை ரேடியோ பக்கத்துல வச்சேன், அதுவே காட்டிடுச்சு. உங்க பேட்டரி லோ போல, கமாண்டு பாதியில கட் ஆயிடுச்சு. நான் வேணா அனுப்பட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுக்குமுன் அனுப்பியும் விட்டான். தங்கள் பெட்டி அவனுக்கு உடனே மோர்ஸில் 'ஓகே' என்றது. எட்டு வருஷமாக நான் எதைக் கேட்டாலும் முதலில் 'டிட் டிட் டா டா டிட் டிட்' என்று ஒரு கேள்விக்குறியைத்தான் அது எனக்குப் பிரசாதமாக அளித்துவந்திருக்கிறது. நெட்டில் யாரோ சிரித்தார். யார் என்று எனக்குத் தெரியும். அதை வேறு கடிதத்தில் கவனித்துக்கொள்கிறேன். "தம்பி, ரகசியத்தை நாலு பேர் கேட்க இப்படிச் சொல்லலாமா?" என்று பையனைச் சற்றுக் கடிந்துகொண்டேன். ஊரெல்லாம் கேட்கச் சொன்னவன் நான், கடிந்துகொண்டவனும் நானே.

சுருதிகளை வெளியே கேளாதபடி மறைக்கும் சாதனம் தங்கள் பெட்டியில் இல்லாமலில்லை. இருக்கிறது, அதைத் தாங்கள் ஆலையிலேயே அணைத்து அனுப்புகிறீர்கள். அதை ஏற்றிவைக்க வேண்டுமானால் முதலில் கடவுச்சொல்லை உரக்க அறிவிக்க வேண்டும். கோபுரத்தில் ஏறி ஒருமுறை கூவினால்தான் கூவாமலிருப்பதற்கு அனுமதி கிட்டும் என்னும் இத்தகைய சூக்ஷ்ம தத்துவத்தை நம்பிகூட உபதேசித்ததில்லை.

அவசரத்தில் கடவுச்சொல்லை மாற்ற முற்பட்டேன். பழைய எண், பிறகு கட்டளை எண், பிறகு புதிய எண் நான்கு. பேட்டரி தள்ளாடிற்று, சமிக்ஞை அலைந்தது, ஆயினும் பெட்டி 'ஓகே' என்றது. முதல் தடவையிலேயே என்னிடம் ஓகே என்கிறதே என்று மனம் நெகிழ்ந்துபோய்ப் புதிய எண்ணை அனுப்பிப் பார்த்தேன். கேள்விக்குறி. மறுபடியும் அனுப்பினேன். கேள்விக்குறி. மூன்றாம் தடவை பெட்டி கதவைச் சாத்திக்கொண்டது. மூன்று பிழைக்கு ஒரு மணி நேரம் தாழ்ப்பாள். நான்கு இலக்கத்தில் 10,000 சாத்தியங்கள். மணிக்கு மூன்று வீதம், ஊண் உறக்கமின்றி முயன்றால் 139 நாள், அதாவது ஏறக்குறைய மூன்று மண்டல விரதம். இவ்வாறாகத் தங்கள் பெட்டிக்குள் கடைசியில் ஓர் உண்மையான ரகசியம் பிரதிஷ்டையாயிற்று: நம்பிக்கும் தெரியாது, ராமானுஜருக்கும் தெரியாது.

புதிய எண்ணை இரண்டு முறை கேட்டு, இரண்டும் பொருந்தினால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளும் மரியாதையைத் தெருமுனை ஏடிஎம் கற்றுக்கொண்டு எத்தனையோ காலமாகிறது. தங்கள் பெட்டிக்கு அந்தச் சந்தேகப் புத்தி கிடையாது. எது காதில் விழுந்ததோ அதுவே வேதம்.

ஆகவே மலையேறினேன். இந்தப் பெட்டியின் பொருட்டு இது 11-ஆவது ஏற்றம். 18-க்கு இன்னும் ஏழு பாக்கி. ஜீப் போகும் பாதை முடிந்தபின் இரண்டு மணி நேரம் நடை. மழை. அட்டை. எனக்கு வயது 63. மூடியைக் கழற்றி, மின்சாரத்தை நிறுத்தி, உள்ளே நகக்கண் அளவுள்ள இரண்டு ஊசிகளை ஜம்பரால் இணைத்து, நடுங்கும் விரலால் மறுபடி மின்சாரம் கொடுத்தால் கடவுச்சொல்லோடு சேர்ந்து எங்கள் அழைப்புக்குறி, கால எல்லை, பேச்சு முடிந்ததும் ஒலிக்கும் மரியாதைத் தொனி, எட்டு வருஷம் செய்துவைத்த ஏற்பாடுகள் யாவும் துடைபட்டுப்போகும். ஒரு பூட்டு கெட்டதற்காக வீட்டையே இடிக்கிறவனை என்னவென்று சொல்வது? இதை வரைந்த புத்திசாலி வாழ்நாளில் ஒரு தடவையாவது ஒரு குன்றின் மேல் ஏறியிருப்பானா? இது பொழுதுபோக்குச் சாமான் என்று நினைத்துவிட்டானா? 2004 டிசம்பர் 26-ல் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் தற்செயலாகத் தங்கியிருந்த ஹாம் குழுவினர் மூலமாகத்தானே எத்தனையோ குடும்பங்களுக்குத் தம் மனிதர் உயிரோடிருக்கிற சேதி எட்டிற்று! அப்படி ஒரு நாளில் இந்தப் பெட்டி என்னிடம் கேள்விக்குறி போட்டால், நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மன்னிக்க வேண்டும். வெந்நீர் ஆறிவிட்டது, அதனால் சொல் சற்றுத் தடித்துவிட்டது. தங்கள் கம்பெனியின் மேதாவிலாசத்தில் எனக்கு லவலேசமும் ஐயமில்லை.

கடவுச்சொல்லை மறைபொருளாக அனுப்பலாமே என்றால், ஹாம் தர்மத்தில் மறைவுக்கே இடமில்லை. பேசுவது யாவர்க்கும் விளங்கப் பேச வேண்டும் என்பது எங்கள் குலாசாரம். தேசங்களுக்கிடையே பேசுகையில் பொருளை மறைக்கும் சங்கேதம் கூடாது என்று விதிக்கும் சர்வதேச வானொலி ஒழுங்குவிதியும், விண்ணில் சுற்றும் அமெச்சூர் செயற்கைக்கோளுக்குப் பூமியிலிருந்து அனுப்பும் கட்டுப்பாட்டுச் சமிக்ஞைக்கு மாத்திரம் விலக்கு அளிக்கிறது. 2005-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறிய நம் ஹாம்சாட் போன்ற புண்ணியாத்மாக்களுக்கு அந்தத் திரை உண்டு. எங்கள் கொட்டகையோ விண்ணுக்குச் சற்றுத் தாழ்வாக அமைந்துவிட்டது. ஆயினும் ஒருமுறை சொன்னதும் செத்துப்போகும் கடவுச்சொற்களின் பட்டியலொன்றைப் பெட்டிக்குள் வைத்தால், யார் கேட்டாலென்ன, எத்தனை கோபுரத்திலிருந்து கூவினாலென்ன? எதையும் மறைக்கவும் வேண்டாம். இதைத் தங்கள் திருவுள்ளத்தில் ஏற்றருளும்படி பிரார்த்திக்கிறேன். அதுவரையில், ஜம்பர் போட்டதும் பெட்டிக்குத் திரும்பியுள்ள ஆலைக் கடவுச்சொல், கையேடு வைத்திருப்போர் யாவர்க்கும் மனப்பாடமான அந்த 1234, எங்கள் மலையைக் காத்து ரக்ஷிக்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் பெட்டியின் அடியார்க்கடியான்.

பின் குறிப்பு: உறையை ஒட்டப் போகும் சமயம் அந்தப் பையன் வீட்டுக்கே வந்தான். ஞாயிற்றுக்கிழமை ரிப்பீட்டரில் வந்ததையெல்லாம் செல்போனில் பதிவு செய்து வைத்திருக்கிறானாம். நான் 2719 என்று அழுத்தியபோது சமிக்ஞை தடுமாறி 7 இரண்டாகப் பிளந்ததாம். பெட்டி கொண்ட எண் 2771. கடைசி 9 வீணே காற்றோடு போயிற்று. அன்று பத்து மணிக்கே தெரியுமாம். தெரிந்தும் ஏனடா தம்பி என்னை மலையேற விட்டாய் என்று கேட்டேன்.

"நீங்கதானே சார், ரகசியத்தை வெளியில சொல்லக் கூடாதுன்னீங்க?"