இலங்கையில் நிலவும் லீவும்: ஓர் ஆரம்ப ஆய்வு

மனிதன் சந்திரனில் கால் வைத்தது 1969 இல். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே சந்திரன் இலங்கைக் கந்தோர்களுக்குள் கால் வைத்துவிட்டது என்பதை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

டட்லி சேனாநாயக்க அரசின் 1965 ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டத்தால், 1966 முதல் ஞாயிறு சாதாரண வேலைநாளாயிற்று. அமாவாசை, பௌர்ணமி, இடையில் வரும் இரண்டு அட்டமி ஆகிய நான்கு போயாக்களுக்கே லீவு. போயாவுக்கு முதல் நாள் அரைநாள் வேலை. சட்டத்தில் பிழையில்லை. பிழை முழுவதும் சந்திரனுடையது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுமார் 29½ நாள். நாலாகப் பங்கிட்டால் ஏழு நாளும் ஒன்பது மணித்தியாலமும் வரும். அந்த ஒன்பது மணித்தியாலம் சேர்ந்து சேர்ந்து, சில வாரங்களுக்கு எட்டு நாள் ஆகிவிட்டது. சம்பளமோ மாதக் கணக்கு. எட்டாம் நாள் யாருக்காக உழைத்தோம் என்ற வினாவுக்கு எந்தப் பொருளியலாளரும் விடை தரவில்லை.

கொழும்பு ஏற்றுமதிக்காரர் ஞாயிறு காலை மேசையில் இருப்பார். இலண்டனில் தந்தி வாங்க ஆளில்லை. புதனன்று இலண்டன் தந்தி அடிக்கும், இங்கே போயா. 1971 இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு ஞாயிறைத் திருப்பி அழைத்தது. சந்திரனுக்கு மாதம் ஒரு பௌர்ணமி மட்டும் மிஞ்சியது.

அந்த ஒரு நாளில் மதுக்கடையும் இறைச்சிக் கடையும் பூட்டு. இதிலிருந்தே இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு பிறக்கிறது: வைன் ஸ்டோர் வாசலில் பின்னேரம் வரிசை சந்திவரை நீண்டால், நாளை பௌர்ணமி. வானத்தை அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை. மழைக்காலத்திலும் இம்முறை பிசகுவதில்லை. வரிசையில் நிற்பவர்களின் திதி அறிவு, ஐயர்மாருக்கே சவால்.

இனி, சுவரில் தொங்கும் கலண்டர். திகதிக்குக் கீழே சின்னஞ்சிறு குறிகள்: பொது, வங்கி, வர்த்தகம். தைப்பொங்கலுக்கு மூன்றும் உண்டு. தீபாவளிக்கு வர்த்தகக் குறி இல்லை. அதனால் வங்கியில் வேலை பார்க்கும் மனைவி வீட்டில் பலகாரம் சுட, தனியார் கம்பனிக் கணவர் முதலாளியிடம் லீவு கேட்டு நிற்பார். நரகாசுரன் வங்கிக் கணக்கோடு மட்டும் தொடர்புடையவன் என்று சட்டம் கருதுகிறது போலும். இது தனி ஆய்வுக்குரியது.

சந்திரனின் செல்வாக்கு குறைந்துவிட்டது என்போர் 2018 ஐப் பார்க்கவும். ஏப்ரல் கடைசியில் வெசாக் வந்ததால், அவ்வாண்டு மே தினம் மே 7 ஆம் திகதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. உலகத் தொழிலாளர் எதிர்த்தார்கள், நிலவு அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழும் போயாவைப் பற்றி எழுத ஆய்வாளருக்கு மனம் வரவில்லை. வாசகர்கள் புதுக் கலண்டர் கிடைத்தவுடன் ராசிபலனை விட்டுவிட்டு, வெள்ளியிலும் திங்களிலும் வரும் பௌர்ணமிகளை முதலில் எண்ணிக்கொள்ளவும். ஊருக்குப் போகும் ரயிலில் பிறகு ஆசனம் கிடையாது.